பழசு பூசிய சுவர்

சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது; கொஞ்ச நேரம் கல் சும்மா கிடக்கும், பிறகு அடியிலிருந்து ஒரு முனகல் எழும், அடுத்த நிமிஷம் பீப்பாய் முழுவதும் குமுறிக் கொதித்து, மூக்கின் உள்பக்கத்தைச் சுடுகிற ஒரு வெந்த வாசனை சந்தெல்லாம் பரவும். மற்ற ஊர்களில் அந்த வாசனை வந்தால் பொங்கல் வருகிறது, கல்யாணம் வருகிறது என்று பிள்ளைகள் குதிப்பார்கள் என்பதை நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் கண் தெருமுனைப் பக்கம் போகிறது. தாராவியில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்றால் வம்பை வாசலுக்கு அழைப்பது என்று அர்த்தம். தெரிந்தே அதை என் அம்மா ஒரே ஒரு முறை செய்தாள். அறுபதுகளில் ஒரு வருஷம், மழைக்கு முந்தின வெயில் காலம், எனக்குப் பதினோரு வயது.

எங்கள் சந்தின் நியாயத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். பழைய குடிசையைத் தொடமாட்டார்கள், புதிதாக எழுப்பியதை விடமாட்டார்கள். எழுத்தில் சட்டம் எப்படி இருந்ததோ, எங்களுக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். முனிசிபாலிட்டியிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு சாஹேப் வருவார். அவர் பின்னால் தார் டப்பாவும் கட்டைத் தூரிகையுமாக ஓர் ஆள் வருவான். சந்து சந்தாக நடந்து, புதிது என்று கண்ணில் படுகிற சுவரில் தாரால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் ‘உடைப்பு வண்டி’ வரும். கடப்பாரையும் கயிறுமாக இறங்குகிறவர்கள் ஒரு வீட்டைச் சாய்க்க ஓர் உலை கொதிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் வண்டியில் ஏற்றிய தகரமும் மரமும் திரும்பி வராது.

அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள், வேலை முடிந்த கையோடு அதற்குப் ‘பழசு பூசுவார்கள்’. உலகத்தில் எல்லோரும் வீட்டை எடுத்துக்கட்டினால் பளிச்சென்று தெரியவேண்டும் என்று நினைப்பார்கள். நாங்களோ புதுச் சுவர் கட்டிவிட்டு அது பத்து வருஷமாக மழையில் நனைந்து வெயிலில் வெந்து கிடப்பது போலக் காட்டப் படாதபாடு படுவோம். பானைக் கரி, கொதித்த தேயிலைச் சக்கை, காடி என்று நாங்கள் சொல்கிற உப்பங்கழியின் கரைச் சேறு என்று வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம் இருந்தது. எங்கள் வீட்டுப் பக்குவம் அப்பாவுடையது. அவர் வேலை பார்த்த ‘தோல் ஷாப்பில்’ தோலை ஊறவைத்து எடுத்த பட்டைத் தண்ணீரை வீணாகக் கொட்டுவார்கள். அதை ஒரு டப்பாவில் வாங்கி வந்து, துருப்பிடித்த ஆணிகளை அதில் போட்டு மூடி வைப்பார். நாலைந்து நாளில் அது மையாகக் கறுத்துவிடும். அதில் அடுப்புக் கரியைக் குழைத்து சுவரில் அடித்தால் போதும், பாட்டன் காலத்துச் சுவர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். “புதுசாத் தெரிஞ்சா போச்சு பாத்துக்கோ” என்பது அப்பா தினமும் சொல்கிற மந்திரம்.

அம்மாவுக்கு அந்தக் கறுப்பைக் கண்டாலே ஆகாது. அவள் மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டுக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்துக்குத் தீபாவளிக்கு முன்னால் வெளிச்சுவரெல்லாம் பாலேடு நிறத்தில் பூச்சு அடிப்பார்களாம்; ஜன்னல் ஓரத்துக்குத் தனி நிறமாம். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவள் போல எங்களிடம் சொல்வாள். அப்பா காதில் விழாதது போல பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்.

அவர்கள் இரண்டு பேரும் சுவரைப் பற்றி இப்படி ஆளுக்கொரு பக்கமாக நின்றதற்குக் காரணம் என் தம்பி இசக்கி. நாங்கள் முதலில் இருந்தது காடியை ஒட்டின ஒரு குடிசை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, மழை தொடங்கின வாரத்தில் அதை உடைத்துவிட்டார்கள். கோணிச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் கிடந்தோம். பிறகு இந்தச் சந்தில், அம்மாவின் தம்பி சுடலை மாமா பிடித்துக் கொடுத்த இடத்தில், தகரமும் கோணியுமாக ஒன்றை எழுப்பி, அப்பா அன்றைக்கே பழசு பூசினார். அந்தக் கரி காய்வதற்குள் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, மூன்று வயதுப் பிள்ளை போய்விட்டான். வீட்டை உடைத்ததால் பிள்ளை போனான் என்பது அப்பாவின் கணக்கு. கரி பூசின வீட்டுக்குள் நுழைந்ததால் போனான் என்பது அம்மாவின் கணக்கு. இரண்டையும் கேட்டு வளர்ந்த எனக்கும் அக்காவுக்கும் இரண்டுமே சரியாகத்தான் பட்டது.

கல்யாணம் நடந்த அந்த வருஷம் பனிக்காலத்தில்தான் முன்பக்கத்துக் கோணியை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தோம். எங்கள் வாழ்க்கையில் முதல் செங்கல் சுவர். சுடலை மாமா டிராம்பேயில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உடைந்த கல்லைக் கொண்டுபோனால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். வேலை முடிந்ததும் அப்பாவும் அங்கே போய், இரண்டு பேரும் ஆளுக்கு நாலு கல்லாகச் சுமந்து வந்து, பழைய கோணியைத் திரையாக வெளியே தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் சுவரை எழுப்பினார்கள். நானும் அக்காவும் மண் குழைத்தோம், அம்மா கல் எடுத்துக் கொடுத்தாள். சுவர் எழும்பி முடிந்ததும் பழசு பூசிவிட்டுத்தான் அப்பா திரையை அவிழ்த்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மழை வந்தால் இந்த முறை உள்ளே தண்ணீர் வராது என்று அப்பா அந்தச் சுவரை உள்பக்கமாகத் தடவித் தடவிப் பார்ப்பார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது அதற்குப் பிறகு. செம்பூரில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவர், எங்கள் ஊர்ப்பக்கம்தான், அதிகம் பேசாதவர். கல்யாணத்தை வைகாசியில், எங்கள் வீட்டு வாசலில் சந்தை அடைத்துப் பந்தல் போட்டு நடத்துவதாக முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது அம்மாதான். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை போடவேண்டும் என்றாள்.

அப்பா முதலில் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். அப்புறம் கோபப்பட்டார். வெள்ளையடித்தால் கல்லின் வரிசை அப்படியே எழுந்து தெரியும், மழைக்கு முன்னால் சாஹேப் ஒரு சுற்று வராமல் இருக்கமாட்டார், சுவர் போனால் கூரையும் சேர்ந்து போகும் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க சொல்லுதது எனக்குத் தெரியாதா? ஒரு பிள்ளையைக் கரிச்சுவத்துக்குள்ள இருந்து தூக்கிக் குடுத்தேன். இவளையாவது வெள்ளைச் சுவத்துல இருந்து அனுப்புதேன்.”

இசக்கியின் பேச்சு வந்தால் அப்பாவால் பேச முடியாது. வெளியே போய் வெகுநேரம் கழித்து வந்து, “முகூர்த்தம் முடியுத வரைக்கும்தான்” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். பந்தல் பிரிக்கிற கையோடு கரி பூசிவிடலாம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அம்மா எதை நினைத்துத் தலையாட்டினாள் என்று அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா டிராம்பேயிலிருந்து கல் சுண்ணாம்பு கொண்டுவந்தார். பீப்பாயில் அது கொதித்தபோது சந்துப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் சித்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டா என்று அம்மாவைக் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் வீட்டுத் தென்னை மட்டைத் தூரிகையையும் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா மேல்பக்கத்தை அடித்தார். அக்கா கல்யாணப் பெண் என்பதையும் மறந்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நடுப்பக்கத்தை அடித்தாள். கீழ்ப்பக்கம் எனக்கு. சுவர் முதல் பூச்சில் சாம்பல் நிறமாகி, கரி கசிந்து, இரண்டாவது பூச்சிலும் கசிந்து, மூன்றாவதில்தான் வெள்ளையாயிற்று. காவியைக் கரைத்து அம்மாவே தன் கையால் பட்டை போட்டாள். அப்பா எதையும் தொடவில்லை. சந்து முனையில் நின்று, காக்கி நிறம் எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுவர் காய்ந்து வெயிலில் நின்றதை நான் எப்படிச் சொல்வேன்! எங்கள் சந்தில் அத்தனை வெளிச்சம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்வீட்டு அடுப்படிகூட அதனால் வெளுத்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. அம்மா மட்டும் அதன் முன்னால் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டியாயிற்று, சாப்பாடு முடிந்தது, அக்கா அழுதுகொண்டே செம்பூருக்குக் கிளம்பிப் போனாள். வாழை மரத்தை அவிழ்ப்பதற்கு முன்பே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் மூடி வைத்திருந்த கரிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வருவார்கள். அதுவரைக்கும் இது கல்யாண வீடுதான். கல்யாண வீட்டு வாசலில் கரியை அப்பினால் அது போன இடத்தில் பெண்ணின் தலையில்தான் விடியும். இதுதான் அம்மாவின் வாதம். அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முகூர்த்தம் வரைக்கும் என்றுதானே பேச்சு என்றார். தலையாட்டினேன், வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லையே என்றாள் அம்மா. சந்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பயந்து செத்துக்கொண்டிருந்த அவர்களிலும் ஒருத்திகூட அம்மாவை விலகு என்று சொல்லவில்லை. மறுவீடு வராத வீட்டில் விளக்குமாற்றைக்கூடத் தலைகீழாக வைக்காதவர்கள் அவர்கள். பானையில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அப்பா பானையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அம்மா எழுந்தபோது ரவிக்கையின் முதுகு முழுக்கச் சுண்ணாம்பு ஒட்டி வெள்ளையாக இருந்தது.

“மச்சான், துணியைத் தொங்கவிட்டு மறைச்சுருவோம்” என்று வழி சொன்னது மாமாதான். அதுதான் செய்தோம். கூரை விளிம்பில் கயிறு கட்டி, வீட்டில் இருந்த போர்வை, பாய், கிழிந்த சேலை எல்லாவற்றையும் சுவர் மேல் தொங்கவிட்டோம். போதவில்லை. ஆறுமுகத்தாய் சித்தி தன் வீட்டுக் கோணிகளைக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா எதற்கு என்று கேட்காமலேயே ஈரத் துணிகளைப் பிழிந்து எங்கள் கயிற்றில் போட்டாள். உடைந்த கட்டிலை நிறுத்தினோம், அதன் மேல் தகர டப்பாக்களை அடுக்கினோம். அப்படியும் காற்றடித்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, வெள்ளை எட்டிப் பார்க்கும். காற்றடிக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்த் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்பா வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. சந்து முனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வானத்தில் மேகம் திரண்டு திரண்டு கலைந்தது. வருகிற வாரம் மழை என்று எல்லோரும் சொன்னார்கள். உடைத்தால் இந்த மழையில் யார் போவார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. வீட்டில் பிள்ளை என்று இனி நான் ஒருத்திதான் இருந்தேன். அதை யாரிடமும் சொல்லாமல் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுவீட்டு நாள் காலையில் சந்து அமைதியாக இருந்தது. சாஹேப் பக்கத்துத் தெருக்களைப் பார்த்துவிட்டு முந்தின நாளே போய்விட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்பாவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் வந்தது. அம்மா துணிகளை எல்லாம் இறக்கிவிட்டாள். பெண் வந்து நிற்கும்போது சுவர் தெரியவேண்டாமா? கட்டிலை எடுத்து அப்பால் போட்டோம். வாசலில் கோலம் போட்டு, ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவக்க வைத்து, எல்லாம் தயார். மாமா பேருந்து நிற்கிற இடத்துக்குப் போய் அக்காவையும் அத்தானையும் கூட்டி வந்துகொண்டிருந்தார். கரிப் பானையும் தயாராகத்தான் இருந்தது; விருந்து முடிந்த மறு நிமிஷம் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவர்கள் சந்தின் ஒரு முனையில் நுழைந்தபோது, மற்ற முனையில் சாஹேப் நுழைந்தார்.

அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் களைத்துப்போய், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கறுத்த சந்தில் எங்கள் வீடு ஒன்றுதான் கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது. அப்பா கை கூப்பிக்கொண்டு முன்னால் போனார். “புரானா ஹை சாப், புரானா” என்றார், பழசு ஐயா, பழசு என்று. மகள் கல்யாணம், அதனால் வெள்ளையடித்தோம் என்பதை இந்தியில் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. கழுத்தில் தாலி கட்டுவது போலச் சைகை காட்டினார். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை. சாஹேப் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், செங்கல் சத்தம் கேட்டது. “நயா ஹை”, புதுசு, என்று தலையை அசைத்தார். கூட வந்தவன் தூரிகையைத் தாரில் தோய்த்து, அம்மா போட்ட காவிப்பட்டைக்கு நடுவில் பெருக்கல் குறி போட்டான். இரண்டு பேரும் அடுத்த சந்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்பா இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். இசக்கி போன அன்றைக்கும் அவர் இப்படித்தான் உட்கார்ந்தார் என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அம்மா ஆலத்தித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள், தட்டு சாய்ந்து அதிலிருந்த சிவப்புத் தண்ணீர் அவள் கால்மேல் சொட்டியது. அப்போது அக்கா வந்து சேர்ந்தாள். கூறைச் சேலை, தலை நிறையப் பூ, மஞ்சள் மாறாத கால். சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பானை எங்கே என்று என்னைக் கேட்டாள்.

நான் கை காட்டினேன். அவள் போய் அதைத் தூக்கினாள்.

“ஏளா, ஆலத்தி எடுக்காம எதையும் தொடாத” என்றாள் அம்மா. அது அதட்டல் இல்லை, கெஞ்சல்.

அக்கா நின்றாள். “எம்மா, நான் போன வீட்டுல எனக்குச் சுவரு இருக்கு. தங்கச்சிக்கு இது ஒண்ணுதான இருக்கு” என்றாள்.

சொல்லிவிட்டுப் பானைக்குள் கையை விட்டு, வளையல் போட்ட அந்தக் கையாலேயே தார்க் குறியின் மேல் முதல் கரியை அப்பினாள். தூரிகை எடுத்து வரக்கூட யாரும் போகவில்லை. அப்பா எழுந்து வந்தார், மாமா வந்தார், நான் வந்தேன். அந்த நேரத்தில் நான் எதிர்பார்க்காதது அத்தான் செய்ததுதான். புது மாப்பிள்ளை, மறுவீட்டுக்கு வந்தவர், மாமனார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கோலத்துக்கு அப்பால் போட்டுவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, எட்டாத உயரமெல்லாம் தன் பங்கு என்பது போலப் பூசத் தொடங்கினார். சந்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று மறைத்தார்கள். பட்டைத் தண்ணீர் சுண்ணாம்பில் பட்டதும் சுவர் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகக் கறுத்தது. காவிப்பட்டை போயிற்று, வெள்ளை போயிற்று, குறியும் போயிற்று. மிச்சத்துக்கு மாமா சாக்கடைச் சேற்றை வாரி அடித்தார். அம்மா ஒருத்திதான் சேரவில்லை.

எல்லாம் முடிந்து, முழங்கை வரைக்கும் கரியும் நெற்றியில் சேறுமாக அக்காவும் அத்தானும் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா அவர்களுக்கு ஆலத்தி சுற்றினாள். மூன்று சுற்றும் சுற்றி, இரண்டு பேர் நெற்றியிலும் சிவப்பை வைத்தாள். வைக்கிற இடத்தில் கரியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு வைத்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன வேண்டிக்கொண்டாளோ, சத்தமாக ஒன்றும் வரவில்லை. விருந்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அத்தான் மட்டும் அம்மாவுக்காக இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. குறியைத் தேடிக்கொண்டு ஆட்கள் சந்தில் நடந்தார்கள்; எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள்; திரும்பி வந்தார்கள். கூடவே சாஹேபும் வந்தார். எங்கள் சுவருக்கு முன்னால் நின்றார். அப்பாவைப் பார்த்தார், என் நகக்கண்களைப் பார்த்தார். அந்தக் கரி தேய்த்தாலும் போகாது. சுவரை விரலால் தொட்டு அந்த விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைச் சுவரிலேயே துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று அப்பாவும் மாமாவும் வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அன்றைக்குச் சந்தின் கோடியில் இரண்டு வீடுகள் விழுந்தன. அந்தப் பெண்களின் அழுகை வண்டி போன பிறகும் கேட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

மழை அந்த வாரமே வந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. “சுவரு நின்னுட்டு, பாத்தியா” என்றார் அப்பா. நின்றது என்றாள் அம்மா. அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அம்மாவுக்கு அது முடியவில்லை. செம்பூரிலிருந்து யாராவது வந்தால் அம்மா அவர்கள் வாயைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தால், பதில் சொல்வதற்கு முன்னால் அவள் கண் சுவர்ப் பக்கம் போகும். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது அம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை, அடுக்களையில் உட்கார்ந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பிறகு அக்காவுக்கு வரிசையாக நாலு பிள்ளைகள் பிறந்தார்கள், எல்லோரும் நல்லபடியாக வளர்ந்தார்கள், அத்தான் ஒரு நாளும் அக்காவைக் கை நீட்டி அடித்ததில்லை, குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனையும் பார்த்த பிறகும் அம்மாவின் பயம் தீரவில்லை. எண்பது வயதைத் தாண்டிப் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அப்போது பேரன் பேத்தி எடுத்தவள்.

இப்போது அந்தச் சந்து இருந்த இடத்தில் உயரமாக ஒரு கட்டடம் நிற்கிறது. சந்து போயிற்று, கயிறு கட்டின கூரைகள் போயின, தோல் ஷாப்பும் போயிற்று. பழசு பூசுவது என்று சொன்னால் என் பேரன்களுக்கு நான் விடுகதை போடுகிறேன் என்று தோன்றுகிறது. நான் நெருளில் மகனோடு இருக்கிறேன். எங்கள் கட்டடத்துக்குச் சில வருஷத்துக்கு ஒரு முறை வெளிப்பூச்சு அடிக்கிறார்கள். ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் யாரும் தூரிகையைத் தொடுவதில்லை. என்ன நிறம் என்று முடிவுசெய்ய மட்டும் கீழே கூட்டம் போடுவார்கள். போன முறை நான் வெள்ளை என்று சொன்னேன். மூன்றாம் மாடிப் பையன் ஒருவன், நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே, “வேணாம் ஆன்ட்டி, ஒரே மழையில கறுத்துடும்” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். பம்பாய் மழைக்கு எந்த வெள்ளையும் நிற்காது; பாசி பிடித்து, புகை படிந்து, ஆடி முடிவதற்குள் கறுத்துவிடும். எங்கள் சுவரையும் நாங்கள் தொடாமல் விட்டிருந்தால் மழையே பழசு பூசியிருக்கும். அம்மாவுக்கும் அது தெரியும். காலத்துக்கும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. மறுவீடு வரைக்கும்தான் கேட்டாள்.